ஓலைப்பெட்டியும் கண்ணாடித்தாளும்

வீட்டில் செய்த பட்சணங்களைப் பண்டிகைச் சீராக அனுப்ப நினைக்கிற நம்மவர்கள், எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்த கையோடு ரிப்பனையும் ஜிகினாவையும் தேடிக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். உள்ளே போகும் பதார்த்தம் ஈரத்தை வாங்குவதா, ஈரத்தை விடுவதா, எண்ணெய் கசிவதா, அயலில் இருப்பதன் வாசனையைக் கவர்வதா என்ற விசாரணை மட்டும் அவர்கள் மனத்தில் எழுவதேயில்லை. அந்த விசாரணை இல்லாமல் செய்யப்படும் அலங்காரம், எத்தனை விமரிசையாக இருந்தாலும், கொடுக்கிறவரின் பெருமைக்கு ஆகுமே தவிரப் பெறுகிறவரின் நாவுக்கு ஆகாது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். எங்கள் குடும்பத்தில் இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இன்றளவும் இருந்துவருவதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவைப்பது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பொட்டிபுரம், போடிநாயக்கனூர்ப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரை அறிந்திருந்தால், அது அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க முனைந்த திட்டத்தினாலும், அதற்கு எழுந்த எதிர்ப்பினாலும் ஆகத்தான் இருக்கும். ஒரு மலை முழுவதையும் ஊடுருவிப் போகிற துகளைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு, ஐப்பசி மாதத்து மழைக்காற்று ஒரு ரிப்பன் முடிச்சின் இடுக்கில் நுழையுமா என்று மட்டும் யோசிக்கத் தோன்றாமல் போனது எனக்கு இன்னமும் ஆச்சரியந்தான்.

பொதிகிற சாஸ்திரத்தை வெளியிலிருந்து ஒருவர் வந்து கற்பிக்க வேண்டிய நிலையில் எங்கள் சீமை இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வீட்டுச் சிறு பிள்ளைக்குக்கூட, பறித்த பச்சைக்காயை ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் சூடுகாட்டி உலர்த்தி, உராய்ந்து காம்பு நீக்கி, சல்லடையில் தரம் பிரித்த பிறகு, கறுப்புத் தாள் உள்ளிட்ட சணல் சாக்கில் கட்டுவது எதற்கென்று தெரியும். வெளிச்சம் பட்டால் காயின் பசுமை வெளுத்துவிடும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பசுமை போன காய்க்கு, அது 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காயாகவே இருந்தாலும், நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் கேட்கிற விலை இறங்கிவிடும். அதற்கு முந்திய காலத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நியாயந்தான். மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்துகொண்டிருந்தது. 1908இல் போடப்பட்ட அந்தச் சிறு ரயில்பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. கப்பலேறப் போகும் தேயிலையை அந்தக் காலத்தில் ஈயத்தாள் உள்ளிட்ட மரப்பெட்டியில்தான் அடைப்பார்கள். சரக்கின் சுபாவத்தையும், அது போகும் தூரத்தையும், வழியில் சந்திக்கும் காற்றையும் உத்தேசித்தே அவர்கள் உறையைத் தீர்மானித்தார்கள். பண்டிகைச் சீருக்கு வேறு நியாயம் உண்டென்று யார் சொன்னது?

சொன்னவர் என் கொழுந்தனார். மகளுக்குத் தலைதீபாவளி எங்கள் வீட்டில் நிறைவாக நடந்து முடிந்து, மறு ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்ப வேண்டிய சந்தர்ப்பம் வந்தபோது, பரணிலிருந்த ஓலைப்பெட்டிகளை இறக்கி நான் வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “மதினி, மெட்ராஸ்ல எல்லாம் கண்ணாடிப் பேப்பர் சுத்துன கூடையிலதான் குடுக்குறாக. ஓலைப்பெட்டியோட போய் நின்னா, கருப்பட்டி விக்க வந்திருக்காகன்னு நெனப்பாக” என்றார். வீட்டு ஆண்கள் அனைவரும் அதை ஆமோதித்தார்கள். மதுரையில் ஒரு கடையில் கூடைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பட்சணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே அடுக்கி அலங்கரித்துத் தருவார்களாம். குறித்த நேரத்துக்குள் சேர வேண்டும் என்று அவர்கள் விதித்த அவசரத்தில், கடைசி ஈடு அதிரசம் ஆறுவதற்கு முன்பே என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கூடை அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. கீழே அதிரசம், அதன்மேல் மைசூர்பாகு, சுற்றிலும் கைமுறுக்கு, நடுவே தோட்டத்துப் புது ஏலக்காய் ஒரு கிண்ணம் நிறைய, இவையனைத்தையும் மூடிய கண்ணாடித்தாள், உச்சியில் தாமரை போல விரிந்த ரிப்பன். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட எங்கள் ரயில், 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து நேரே சென்னைக்கு வாரம் மும்முறை போய்வருகிற சௌகரியம் இருந்தபடியால், மறுநாள் காலையிலேயே சீர் சம்பந்தி வீடு சேர்ந்துவிட்டது. சேர்ந்த கூடையை அவர்கள் பிரிக்கவில்லை! அவ்வளவு அழகான கட்டைக் கலைக்க மனமில்லாமல், உறவினர்கள் வந்து பார்க்கட்டும் என்று முன்கூடத்தில் ஜன்னலோரம் வைத்துவிட்டார்கள். வந்தவர்களும் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். தீபாவளி கழிந்து பல நாள் சென்றபின் ஒரு மாலை என் மகள் தொலைபேசியில், “அம்மா, முறுக்கு நமுத்துப் போச்சும்மா. அதிரசத்துல பூசணம். அத்தை ஒண்ணும் சொல்லல, எடுத்து அப்படியே வெளியே வச்சுட்டாங்க” என்றாள். சம்பந்தியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அன்றிரவு எனக்கு உறக்கமில்லாமல் செய்தது.

இதிலுள்ள பிழையைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். வெல்லப்பாகில் பிசைந்த அதிரசம் தன்னகத்தே ஈரத்தை வைத்திருக்கும் பண்டம். முறுக்கோ எண்ணெயில் நீர் முழுதும் வற்றிப்போனது. இவ்விரண்டையும் ஒரே மூடிய இடத்தில் வைத்தால், அதிரசம் விடுகிற ஈரத்தை முறுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளிமழை ஒரு துளி படாவிட்டாலும் நமுத்துப்போவது நிச்சயம். ஆறாத பட்சணத்தின் ஆவி கண்ணாடித்தாளின் உட்புறம் முத்துமுத்தாகப் படிந்து மறுபடியும் அதன் தலையிலேயே சொட்டும். பூசணத்துக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. நெய்ப்பண்டம் அயல்வாசனையை எளிதில் ஏற்கும் சுபாவமுடையது. ஆகவே மைசூர்பாகில் அளவுக்கு மீறி ஏலம் மணத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் காயோ வெளுத்துவிட்டது. ஆயினும் இவையெல்லாம் கிளைகள்தாம். மூலப்பிழை என்று நான் கருதுவது, பிரிக்க மனம் வராதபடி கட்டியதை. ஒருமுறை பிரித்தால் மறுபடி மூட முடியாதபடி கட்டியதை. பட்சணத்தின் உறைக்கு இரண்டே தர்மங்கள்: வந்தவுடன் திறக்கும்படி ஆசை காட்ட வேண்டும், வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மூடிவைக்க இடம் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

அதே மழைக்காலத்தில், கார்த்திகைச் சீரை என் பொறுப்பில் விட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பொரியுருண்டையைக் காட்டிலும் ஈரத்துக்கு அஞ்சுகிற பண்டம் நம் அடுக்களையில் வேறொன்றும் இல்லையாகையால், பரீட்சைக்கு அதுவே தக்கதென்று எனக்குத் தோன்றிற்று. பாகின் பதம், பொரி வறுப்பது முதலியவை உங்களுக்குத் தெரிந்தவையே. அவற்றில் உங்கள் நேரத்தைப் போக்கப்போவதில்லை. உருண்டைகளை மின்விசிறிக் காற்றில் அடிவரை ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் பட்டர் பேப்பர் கொடுத்து, எவர்சில்வர் சம்படத்தில் இறுக மூடி, அந்தச் சம்படத்தை ஓலைப்பெட்டிக்குள் வைத்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓலை ஈரத்தைத் தடுக்காது, ஈரத்தைத் தடுப்பது சம்படம். ஓலை அதற்கு மேலாடை. வழியில் இடிபடாமல் காப்பாற்றுவதும், கையில் வாங்கும்போது ஒரு மரியாதை தோன்றச் செய்வதும் அதன் உத்தியோகம்.

ஆனால் அதிரசத்துக்கு இந்த விதி தலைகீழ். அதைச் சம்படத்தில் அடைத்தால் வியர்த்துவிடும். பலகையில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்து, ஒரு பகல் முழுதும் காற்றாட விட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி நேரே ஓலைக்குள் அடுக்குங்கள். கருப்பட்டியை ஓலையில் கட்டி விற்கிற தெற்கத்தியார் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. இனிப்பும் காரமும் எக்காலத்தும் ஒரே பெட்டியில் கூடாது. ஏலக்காய் அனுப்பினால் தோலோடு அனுப்புங்கள். தோல் நீங்கிய விதையின் வாசனை விரைவில் பறந்துவிடும். தோட்டத்துச் சாக்கிலிருந்து வெட்டிய கறுப்புத் தாள் உங்கள் வீட்டிலும் கிடக்குமல்லவா, அதில் கட்டி, அதன்மேல் ஒரு பட்டுத்துணிச் சுருக்குப்பை போட்டால் கண்ணுக்கும் குறைவிராது. பழைய செய்தித்தாளை மட்டும் உள்ளே விரிக்காதீர்கள்; அச்சுமை உணவில் ஏறும் என்பதனால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிகளே அதை விலக்கியிருக்கின்றன.

பெட்டியை மேலே கட்டுவதற்கு ரிப்பனைவிடச் சுங்குடித் துணி சிறந்தது. ஜப்பானியர் ஃபுரோஷிகி என்று ஒரு சதுரத் துணியில் பரிசுகளை முடிந்து கொடுக்கிறார்களாம். அதைப் படத்தில் பார்த்து வியக்கிற நம் பெண்கள், பெட்டியைத் துணியில் முடிந்து தலையில் சுமந்து வந்த தங்கள் அப்பத்தாவை மறந்துவிடுகிறார்கள். மதுரைச் சுங்குடியில் ஒரு கஜத்தைச் சதுரமாக வெட்டி, உப்பு நீரில் ஒருமுறை அலசிச் சாயம் விடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, எதிரெதிர் முனைகளை இரண்டு முறை முடிந்தால் போதும். ஒரே இழுப்பில் அவிழும். துணி பிற்பாடு சம்பந்தியம்மாளுக்குப் பயன்படும். மடிப்புக்குள் ஒரு சீட்டும் வையுங்கள். எதை முதலில் உண்ண வேண்டும், எது எத்தனை நாள் தாங்கும், எந்தச் சம்படத்தில் என்ன இருக்கிறது என்பதை நிறுத்தி எழுதிவிட்டால், பிரிக்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்துக்கே இடமில்லை.

ஓலைப்பெட்டி பட்டிக்காட்டுத்தனம் என்கிறவர்களுக்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. செட்டிநாட்டு ஆச்சிமார் வண்ண ஓலையில் முடைந்துவந்த கொட்டான் புவிசார் குறியீடு பெற்று, இன்று பெரிய கலியாணங்களில் தாம்பூலப் பையாக வலம்வருகிறது. நாகரிகம் என்பது இவர்கள் தூக்கியெறிந்ததையே சுற்றிவந்து விலை கொடுத்து வாங்குவதுதான் போலும். இரண்டாவது, உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. அந்தக் கடை சுற்றிய தாள் எந்த ஜாதியைச் சேர்ந்ததென்று நம் வீட்டு ஆண்களில் ஒருவராவது கேட்டார்களா? செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரணில் கிடக்கிற பெட்டிக்கு விலையில்லை. கூடைக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு படி முறுக்கு சுற்றியிருக்கலாம்.

கார்த்திகைச் சீர் போய்ச் சேர்ந்த அன்று மாலையே சம்பந்தியம்மாள் தாமாகவே கூப்பிட்டு, பொரியுருண்டை கடித்தால் சத்தம் கேட்கிறது என்றார். தை பிறந்தபின் அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் பெட்டி திரும்பி வந்தது; வெறும் பெட்டியாக அனுப்பக் கூடாது என்ற சம்பிரதாயப்படி உள்ளே அவர்கள் கைப்பட இடித்த சாம்பார்ப் பொடி இருந்தது. கண்ணாடித்தாள் கூடை எந்த வீட்டிலிருந்தாவது இப்படித் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வாண்டு கொழுந்தனார் மகளுக்குச் சீர் அனுப்ப வேண்டிய முறை வந்தது. அவர் நேரில் வரவில்லை. ‘மதினிகிட்ட பெரிய பெட்டி ரெண்டு வாங்கிட்டு வா’ என்று ஆளனுப்பினார். பெட்டிகளோடு சம்படங்களையும் சுங்குடித் துணியையும் சேர்த்தே கொடுத்தனுப்பினேன். துணிக்குள் வைக்கும் சீட்டை மாத்திரம் அவரே தம் கையால் எழுத வேண்டும் என்றும், முதல் வரி ‘வந்தவுடன் பிரித்துச் சாப்பிடவும்’ என்று இருக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினேன். எழுதியிருக்கிறார், கையெழுத்து சற்றுக் கிறுக்கலாக இருந்தாலும் படிக்க முடிகிறது.