வெள்ளி அரசனுக்கு ஒரு வணக்கம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மீனவர் குடியில் பிறந்த எனக்குத் தெரிந்த மீன்பிடிப்பு ஒன்றே ஒன்றுதான். விடியுமுன் செல்ல வேண்டும். கிடைத்ததைக் கொண்டுவந்து ஏலத்தில் விற்க வேண்டும். மிஞ்சியதைக் குழம்பாக்கி உண்ண வேண்டும். பிடித்த மீனைத் திரும்பவும் கடலிலேயே விட்டுவிடுவதற்காக ஒருவன் ஒரு நாளைக்குப் பல நூறு டாலர் கூலி கொடுக்கிறான் என்று சென்ற பருவத்தில் நூலகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது இதைத் தந்தையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது என்ன மீனு?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அம்மீனின் பெயர் தார்ப்பன். விஞ்ஞானப் பெயர் மெகலாப்ஸ் அட்லாண்டிகஸ். 'மெகலாப்ஸ்' என்றால் பெருங்கண்ணுடையது என்று பொருள். அட்லாண்டிக் மாகடலின் வெப்பப் பகுதிகளில், அமெரிக்கக் கரையிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் வாழ்கிறது. எட்டடி வரை வளரக்கூடியது. தூண்டிலில் சிக்கிய தார்ப்பன்களில் உலகச் சாதனையாகப் பதிவானது 2003-இல் கினி-பிசாவ் நாட்டில் பிடிபட்டது. அதன் எடை ஏறத்தாழ 130 கிலோ. உள்ளங்கை அகலச் செதில்கள் வெள்ளித் தகடுபோல் மின்னுவதால் இதனை 'வெள்ளி அரசன்' என்கின்றனர். ஆயுளும் நீண்டது. சிகாகோ நகரின் ஷெட் நீர்வாழ் உயிர்க் காட்சியகத்தில் ஒரு தார்ப்பன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறவே பத்து ஆண்டுகள் வரை ஆகும். ஆகவே ஒரு பெரிய தாய்மீனை இழந்தால் அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் செல்லும் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

தார்ப்பனின் குஞ்சைக் கண்டால் அதனை மீன் என்று சொல்ல மாட்டோம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நாடாவாக, விலாங்கின் குஞ்சைப் போலவே கடலில் மிதந்து திரிகிறது. ஏறக்குறைய ஓர் அங்குலம் வளர்ந்தபின், வியப்பாக, பாதியளவாகச் சுருங்குகிறது! அதன்பிறகே மீன் உருவம் பெற்று, அலையாத்திக் காடுகளுக்குள் தேங்கிக் கிடக்கும் கறுத்த நீரில் புகுந்து வளர்கிறது. அந்த நீரில் பிராணவாயு மிகக் குறைவு. பிற மீன்கள் அங்கே மூச்சுத் திணறி மாண்டுபோகும். அவற்றை வேட்டையாடும் பெரிய மீன்களும் அண்டா. தார்ப்பன் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் காற்றுப்பை உணவுக்குழலோடு இணைந்துள்ளது; உட்சுவரில் நுரையீரலைப் போன்று இரத்தக் குழாய்கள் நிறைந்த திசுக்கள் உள்ளன. நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் புரண்டு கீழே செல்கிறது. வளர்ந்த பின்னும் இப்பழக்கத்தை அது விடுவதில்லை.

இதைத் தந்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். மேல்நோக்கி வளைந்த கீழ்த்தாடை, முதுகுத் துடுப்பின் கடைசி முள் மட்டும் நூலைப்போல் நீண்டு தொங்குவது ஆகிய அடையாளங்களைச் சொல்லி முடிக்குமுன் அவர் குறுக்கிட்டார். "நம்ம மொரான் கெண்டை மாதிரில்ல இருக்கு? அதுவும் கழிமுகத்துல மேல வந்து வாயத் தொறந்துட்டுப் போவும்" என்றார். நான் வாயடைத்துப் போனேன். கல்லூரிக்குத் திரும்பியதும் புத்தகத்தைப் புரட்டினேன். உலகில் இன்று உயிரோடுள்ள மெகலாப்ஸ் இனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று அட்லாண்டிக் தார்ப்பன். மற்றொன்று இந்துமாக்கடலிலும் பசிபிக்கிலும் வாழும் மெகலாப்ஸ் சைப்ரினாய்டிஸ்; அதுவே நம் மொரான் கெண்டை. பெரும்பாலும் ஒரு முழ நீளமே உள்ள சிறிய தம்பி. வகுப்பில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுத்தறியாத என் தந்தை தண்ணீரைப் பார்த்தே அறிந்திருந்தார்.

இனி அந்த வேடிக்கையான தொழிலுக்கு வருவோம். 1885-ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த டபிள்யூ. எச். உட் என்பவர் புளோரிடாவின் மேற்குக் கரையில் 93 பவுண்டு தார்ப்பனைத் தூண்டிற்கோலும் சுருளும் கொண்டு பிடித்தார். இச்செய்தி பரவியதும் செல்வர்கள் தார்ப்பனைத் தேடிக் கிளம்பினர். டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் அரான்சஸ் என்னும் ஊர் ஒரு காலத்தில் தார்ப்பன் என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்தது! அங்குள்ள பழைய விடுதி ஒன்றின் சுவர்களில், பிடித்தவர்கள் கையெழுத்திட்ட செதில்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்டுள்ளன. 1937-இல் அங்கு மீன்பிடித்த ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கையெழுத்திட்ட செதிலும் அவற்றுள் ஒன்று.

வந்த செல்வர்களுக்குப் பணம் இருந்தது; கடல் தெரியாது. எனவே அவர்களுக்கு ஒரு வழிகாட்டி தேவைப்பட்டான். இன்று புளோரிடாவில் இது ஒரு முழுத் தொழில்.

வழிகாட்டியின் படகு ஓரடிக்கும் குறைந்த ஆழத்தில் மிதக்கக் கூடியது. மீன் மேயும் ஆழமற்ற பரப்பை அடைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி மேலே தூக்கிவிடுகிறான். அதன்மேல் அமைந்த சிறு மேடையில் ஏறி நின்று, இருபதடி நீளக் கழியை ஊன்றிச் சத்தமின்றிப் படகைத் தள்ளுகிறான். விருந்தாளி முனையில் நிற்கிறான். படகின் முனையைக் கடிகாரத்தின் பன்னிரண்டாக வைத்துக்கொண்டு, "பதினொரு மணி, அறுபது அடி!" என்று வழிகாட்டி குரல் கொடுக்க, விருந்தாளி அத்திசையில் தூண்டிலை வீச வேண்டும். வெளியூரானுக்கு வெறும் நீராகத் தெரிவது வழிகாட்டிக்கு மீனாகத் தெரிகிறது. அவன் விற்பது அந்தக் கண்ணைத்தான்.

தென்மேற்குப் புளோரிடாவின் போகா கிராண்டி என்னும் கடல்வாயில் 70 அடிக்கும் மேற்பட்ட ஆழமுடையது. கோடைத் தொடக்கத்தில் தார்ப்பன்கள் அங்கே கூட்டங்கூட்டமாய்ச் சேரும். மே, ஜூன் மாதங்களின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, மாலையில் நீர் வற்றும்போது நீவாடு வேகமாக வெளியே ஓடும். அதில் நண்டுகள் அடித்துச் செல்லப்படும். தார்ப்பன்கள் மேலே வந்து அவற்றைத் தின்னும். வழிகாட்டிகள் இந்த நாள்களை முன்பே குறித்து வைத்திருப்பர். நம் ஊரில் அமாவாசை பார்த்து வலை எடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மீன் தூண்டிலைக் கவ்வியதும் ஆளுயரத்துக்கு மேல் துள்ளித் தலையை உதறும். அதன் வாய் முழுதும் கெட்டியான எலும்பு. கொக்கி எளிதில் தைக்காது. நூல் விறைப்பாக இருந்தால் அறுந்துவிடும், அல்லது கொக்கி தெறித்துவிடும். ஆகவே மீன் துள்ளும்போதெல்லாம் கோலைத் தாழ்த்தி, உடலையும் முன்னே வளைத்து நூலைத் தளர்த்த வேண்டும். இதனை 'அரசனுக்கு வணங்குதல்' என்கின்றனர். கோடீசுவரனும் குனிந்தாக வேண்டும்! அதன்பின் கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி, மீன் செல்லும் திசைக்கு எதிராக இழுத்து விரைவில் முடிக்க வேண்டும். மேலே வந்து காற்றை விழுங்கினால் அது புதுப்பலம் பெறும். போராட்டம் நீண்டாலோ மீன் களைத்து, விடுவித்த பின்னும் சுறாவுக்கு இரையாகும்.

தார்ப்பன் கிடைக்காத நாளில் ஸ்னூக், சிவப்பு டிரம் முதலிய கரையோர மீன்களைத் தேடுவர். ஸ்னூக் நம் கொடுவாவைப் போலவே முதலில் ஆணாக இருந்து பின்னர் பெண்ணாக மாறுவது. சிவப்பு டிரம் நம் கத்தாளைக் குடும்பம். 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புருதோம் அதை மசாலா தடவிக் கருக வறுத்துக் கொடுத்த சுவையில் நாடே மயங்கி, அம்மீன் அழிவின் விளிம்புக்குச் சென்றது. கூட்டரசின் கடற்பரப்பில் அதைப் பிடிப்பதற்கே தடை வந்தது.

தார்ப்பனுக்கும் காவல் உண்டு. 2013 முதல் புளோரிடாவில் அதனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். சாதனைக்காக முயல்பவர் மட்டும் 50 டாலர் கட்டி ஆண்டுக்கு ஒரே ஒரு சீட்டுப் பெறலாம். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைப் புகைப்படத்துக்காகக்கூட நீரைவிட்டு வெளியே தூக்கலாகாது. இவை யாவும் நல்லனவே.

ஆனால் என் மனத்தை உறுத்தியது வேறொன்று. 1994 நவம்பரில் புளோரிடா மக்கள் வாக்களித்து, செவுள் வலைகளை மாநிலக் கடலில் தடை செய்தனர். 1995 ஜூலையில் தடை நடைமுறைக்கு வந்தது. முன்நின்று பிரசாரம் செய்தோர் தூண்டில் விளையாட்டாளர்கள். இழந்தோர் தலைமுறை தலைமுறையாக மடவை பிடித்துப் பிழைத்தவர்கள். சீடர் கீ என்னும் ஊரில் அவர்களுக்குச் சிப்பி வளர்ப்பில் பயிற்சி தந்து மறுவாழ்வு அளித்தனர். எல்லா ஊரும் சீடர் கீ அல்ல. மீன்வளம் காக்கப்பட வேண்டும் என்பதை விலங்கியல் மாணவனாக நான் ஏற்கிறேன். விளையாட்டுக்குப் பிடிப்பவன் வயிற்றுக்குப் பிடிப்பவனின் வலையை வாக்குப் பெட்டியால் அறுப்பதை வலைக்காரன் மகனாக எப்படி ஏற்பேன்? இவ்விரண்டு எண்ணங்களும் எனக்குள் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அங்கே விருந்தாளிகளை ஏற்றிச் செல்லும் வழிகாட்டிக்கு அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் உரிமம் வேண்டும். அதன் முதற்படியைப் பெறுபவர் ஆறு பேர் வரை ஏற்றலாம். அதற்கே 360 நாள் கடற்பயண அனுபவம் காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் தந்தை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, "நம்ம நாளையெல்லாம் யாருடா எழுதி வெச்சா?" என்றார். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று நான் எழுதியிருந்தது அப்போது என் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அவர் என்னைப் படகில் ஏற்றியதில்லை. படிக்கிற பிள்ளைக்குத் துடுப்பு எதற்கு என்பார். வரும் அமாவாசைக்கு மொரான் கெண்டை மூச்செடுக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வதாக இப்போது ஒப்புக்கொண்டுள்ளார். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வருகிறது என்று குறித்துக்கொள்ளக் கைக்கடிகாரமும் குறிப்பேடும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கழி ஊன்றுவது அவர்தான். மணியை உரக்கச் சொல்ல வேண்டியது நான் என்று முன்கூட்டியே கட்டளையிட்டுவிட்டார்.