தெருமரமும் வேர்மண்ணும்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. கிளை முறிந்தவை பல; வேரோடு சாய்ந்தவையும் பல. காற்றின் வேகம் மட்டுமே இதற்குக் காரணமன்று.

மரத்தின் வேர்களுள் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகின்றன. அவற்றுக்கு நீரோடு காற்றும் வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுக் கற்களைப் பதித்தால் இரண்டும் தடைபடும். வடிகாலுக்கும் மின்வடத்துக்கும் பள்ளம் தோண்டும்போது வேர்கள் அறுபட்டால், மரம் பிடிமானத்தை இழக்கும். மின்கம்பிக்காக ஒருபுறக் கிளைகளை மட்டும் வெட்டினால் எடை மறுபுறம் சாயும். இத்தகைய மரம் பசுமையாகவே தோன்றும். அதன் நலிவு புயலில்தான் வெளிப்படும்.

மரத்தேர்வும் இன்றியமையாதது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட குல்மோகர், மலரழகால் நம் தெருக்களில் இடம்பெற்றது. விரைந்து வளரும் அதன் கிளைகள் எளிதில் முறிபவை. வேம்பு, புங்கு, பூவரசு, நாவல் முதலியன நம் மண்ணுக்குப் பழகியவை. ஆயினும், வேர்மண் இல்லாத இடத்தில் வேம்பும் வீழும்.

இதனை உணர்ந்தே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்றுமாறு 2013இல் ஆணையிட்டது. மரங்களைக் கணக்கெடுத்தல், பட்ட கிளைகளை மழைக்காலத்திற்கு முன்பே கழித்தல், பள்ளம் தோண்டுவோர் வேரறுக்காமல் கண்காணித்தல் ஆகியவை நகர நிருவாகத்தின் தொடர்பணிகளாக வேண்டும். நடும் நாளில் எண்ணப்படும் கன்றுகளுள் பத்தாண்டுக்குப் பின்னும் நிழல் தருபவை எத்தனை என்பதே நகரப் பசுமையின் அளவுகோல்.