நிரூபணம் கேட்ட சபையும் நிலைநின்ற ஊழியரும்

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 10 முதல் 13 வரையுள்ள அதிகாரங்கள்

ஓர் ஊழியரை அந்நியர் புறக்கணிப்பது புதிதல்ல. அவருடைய ஊழியத்தினால் பிறந்த சபையே அவரை நோக்கி, உமக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்குமானால், அந்த வேதனை வேறு வகையானது. அப்போஸ்தலனாகிய பவுலுக்குக் கொரிந்துவில் நேரிட்டது அதுவே. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே, பதினெட்டு மாதங்கள் அவர் அங்கு போதித்தார் (அப். 18:1-11). அப்போது அகாயாவின் அதிபதியாயிருந்த கல்லியோனின் பெயர் தெல்பி நகரில் கிடைத்த கல்வெட்டில் காணப்படுவதால், இது கி.பி. 51ஐ ஒட்டிய காலம் என்று அறிகிறோம். நான்கைந்து ஆண்டுகளுக்குள் அதே சபை, கிறிஸ்து பவுலுக்குள்ளிருந்து பேசுகிறார் என்பதற்கு அத்தாட்சி கேட்டது (13:3).

அவர்மேல் சாட்டிய குற்றங்கள்தான் எத்தனை! கடிதத்தில் வீரம் காட்டுகிறார். நேரில் வந்தாலோ தோற்றமும் இல்லை, பேச்சும் எடுபடவில்லை என்றார்கள் (10:10). வருவதாகச் சொல்லி வராமற்போனார் என்றார்கள் (1:15-17). மற்றவர்கள் சிபாரிசு நிருபங்களோடு வந்தார்கள். இவரிடம் அப்படி ஒன்றுமில்லை (3:1). இவை எல்லாவற்றிலும் விந்தையானது, அவர் தங்களிடம் பணம் வாங்கவில்லை என்ற மனத்தாங்கல் (11:7, 12:13).

இது நமக்கு எளிதில் விளங்காது. கி.மு. 146ல் ரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்துவை ஜூலியஸ் சீசர் கி.மு. 44ல் ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே, வணிகத்தால் புதுப்பணம் சேர்ந்த ஊர் அது. ஊர் ஊராய்ச் செல்லும் சொற்பொழிவாளர்களைச் செல்வந்தர் ஆதரிப்பது அக்கால வழக்கம். வாங்கும் கட்டணம் போதகரின் மதிப்பைக் காட்டியது. அவரை ஆதரித்த வீட்டுக்கும் அது பெருமை. பவுலோ அவர்கள் கொடுத்ததை மறுத்துத் தம் கைகளால் உழைத்தார். அதே வேளையில் மக்கெதோனியாவிலிருந்து வந்த உதவியை ஏற்றுக்கொண்டார் (11:9). அவர்களுக்குப் புண்பட்டது. பிறகு குற்றச்சாட்டு தலைகீழாகத் திரும்பியது: நேரில் வாங்காதவர், ஆள் அனுப்பித் தந்திரமாய்ப் பிடுங்குகிறார் என்றார்கள் (12:16-18). வாங்கினாலும் குற்றம், வாங்காவிட்டாலும் குற்றம்.

பவுல் என்ன செய்தார்? ஒருமுறை நேரில் சென்றார். அது துக்கத்தில் முடிந்தது (2:1). உடனே மறுபடி போய்த் தம் அதிகாரத்தை நிலைநாட்ட முற்படவில்லை. மிகுந்த கண்ணீரோடு ஒரு நிருபம் எழுதினார் (2:4). பின்பு தீத்துவின் வரவுக்காகக் காத்திருந்தார். துரோவாவில் ஊழியத்துக்குக் கதவு திறந்திருந்தும், தீத்துவைக் காணாமையால் ஆவியில் அமைதியின்றி அவ்வூரை விட்டுப் புறப்பட்டார் (2:12-13). திறந்த வாசலைப் பற்றி நாம் எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறோம். திறந்த வாசலை விட்டுச் சென்ற இந்த அப்போஸ்தலனைப் பற்றிக் கேட்பது அரிது. தம்மைத் தள்ளிய சபையின்மேல் அவருக்கிருந்த பாரம் அத்தகையது. மக்கெதோனியாவில் தீத்து நற்செய்தியோடு வந்து சேர்ந்தபோது ஆறுதலடைந்தார் (7:5-7). துக்கமுண்டாக்கிய மனிதனைச் சபையார் கண்டித்திருந்தார்கள். பவுலோ, அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து, அன்பைக் காட்டுங்கள் என்று அவனுக்காகவே பரிந்து எழுதினார் (2:5-8).

அப்படியானால் 10ஆம் அதிகாரம் முதல் அவர் ஏன் இவ்வளவு கடுமையாகத் தமக்காக வாதாடுகிறார்? மவுனமே ஆவிக்குரிய குணம் என்று எண்ணுகிறவர்களுக்கு இப்பகுதி இடறலாயிருக்கும். இதைப் பிலிப்பியர் 1:15-18உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சிலர் அவர்மேல் பொறாமைகொண்டு பிரசங்கிக்கிறார்கள். கிறிஸ்து அறிவிக்கப்படுவதால் கட்டப்பட்டிருக்கிற பவுல் சந்தோஷப்படுகிறார். தம் பெயருக்கு வந்த சேதத்தை அவர் பொருட்படுத்தவில்லை. கொரிந்துவிலோ வேறொரு இயேசுவையே பிரசங்கித்தார்கள் (11:4). அங்கே அவர் வாய் மூடியிருந்தால், சபை இழப்பது பவுலை மாத்திரமல்ல. தம் அதிகாரம் அவர்களை இடித்துப்போடுவதற்கல்ல, கட்டியெழுப்புவதற்கே கொடுக்கப்பட்டது என்று இருமுறை எழுதுகிறார் (10:8, 13:10). அவர்கள் நன்மை செய்தால் போதும், தாம் தோற்றவரைப்போலக் காணப்பட்டாலும் சம்மதம் என்கிறார் (13:7).

அவர் பாராட்டிய மேன்மையையும் கவனியுங்கள். ரோமப் படையில் எதிரியின் மதில்மேல் முதலில் ஏறிய வீரனுக்குப் பொற்கிரீடம் சூட்டுவார்கள். பவுலோ அடிகளையும் கப்பற்சேதங்களையும் பட்டியலிட்டு, கடைசியில் தமஸ்குவின் மதிலிலிருந்து கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பிய கதையைச் சொல்கிறார் (11:32-33).

இங்கே ஒரு வார்த்தை. எதிர்க்கப்படுகிற ஒவ்வொருவரும் பவுல் அல்ல. கணக்குக் கேட்டவுடன் இந்த அதிகாரங்களைக் கேடயமாகப் பிடிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. தர்மப்பணத்தின் காரியத்தில் ஒருவரும் குறைசொல்லாதபடிக்கு, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனை உடன் அனுப்பியவர் பவுல் (8:18-21). கேள்வி கேட்பதையே கலகம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், தூரத்துப் பணித்தளத்தில் அந்நிய மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்று, ஆத்துமாக்களைச் சேர்த்து, பின்பு நன்றாய்ப் பேசத்தெரிந்த ஒருவர் வந்ததும் ஓரங்கட்டப்பட்ட ஊழியரே, நீங்கள் இந்த நான்கு அதிகாரங்களையும் அவசரமின்றி வாசியுங்கள். உங்களுக்கு முன்னே ஒருவர் அந்த வழியில் நடந்திருக்கிறார்.

கொரிந்தியர் மனந்திரும்பிய காட்சியை வேதம் விவரிக்கவில்லை. பவுல் கிரேக்கு தேசத்தில் மூன்று மாதம் தங்கினார் என்று மாத்திரம் வாசிக்கிறோம் (அப். 20:2-3). ரோமருக்கு எழுதிய நிருபம் அந்நாட்களில் கொரிந்துவிலிருந்து எழுதப்பட்டதென்று வேத அறிஞர் பெரும்பாலும் கருதுகின்றனர். அதில் அவரை வீட்டில் ஏற்று உபசரிப்பவர் காயு (ரோமர் 16:23), கொரிந்துவில் பவுலின் கையால் ஞானஸ்நானம் பெற்ற காயு இவரே எனலாம் (1 கொரி. 1:14). எருசலேமின் ஏழைகளுக்காக அகாயா நாட்டாரும் மனமுவந்து கொடுத்தார்கள் (ரோமர் 15:26).

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அதே சபை தன் மூப்பர்களைத் தள்ளிவிட்டது. கிளெமெந்துவின் பெயரால் வழங்கும் ரோமச் சபையின் நிருபம், பவுலின் நிருபத்தைக் கையிலெடுத்துப் பார்க்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்கிறது. கி.பி. 170ஐ ஒட்டிக் கொரிந்துவின் கண்காணியாயிருந்த தியொனீசியு எழுதிய சில வரிகளை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். கிளெமெந்துவின் நிருபத்தைக் கர்த்தருடைய நாளில் தாங்கள் இன்னும் வாசிப்பதாக அவர் அதில் சொல்லுகிறார். தங்கள் சபையை நட்டவர்கள் பேதுருவும் பவுலும் என்றும் உரிமையோடு எழுதுகிறார்.