கொகின் தையலும் உம்மம்மாவின் சாரியும்

உம்மம்மாவின் கலியாணச் சாரியை அலுமாரியிலிருந்து எடுத்து விரித்தபோது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு நார் நாராகப் பிரிந்திருந்தது. பழைய துணிகளை மற்றவர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று அன்றுதான் தேடத் தொடங்கினேன். தேடல் ஜப்பானில் போய் நின்றது.

ஜப்பானின் வடக்கே அஓமோரியில் சுகாரு என்றொரு குளிர்ப் பிரதேசம். அங்கே பருத்தி விளைவதில்லை. போதாக்குறைக்கு, 1724இல் வந்த சிக்கனச் சட்டம் விவசாயிகள் பருத்தி ஆடை அணிவதையும் தடுத்தது. அவர்களுக்கு மிஞ்சியது இழைகளுக்கிடையே காற்றுப் புகும் நார்த்துணி. பெண்கள் அவுரி நீலம் தோய்த்த அத்துணியில் இழைகளை எண்ணி எண்ணி நூலோட்டி, அந்த இடைவெளிகளை அடைத்தார்கள். முதலில் நார்நூல், பருத்தி நூல் கிடைத்த பின்னர் வெள்ளை நூல். இதுவே கொகின். 1, 3, 5, 7 என ஒற்றை எண்ணில் இழைகளைத் தாண்டித் தைக்கும்போது சாய்சதுரங்கள் தாமாகவே எழும். ஓர் இழை பிசகினாலும் வடிவம் கோணிவிடும். கொகினை ரசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான். பூனைக்கண், அவரை விதை என்று கோலங்களுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். குளிருக்காகத் தைத்தவர்களுக்கு இவ்வளவு ரசனை! 1891இல் ரயில்பாதை அஓமோரிக்கு வந்து, பருத்தித்துணி மலிந்ததும் கொகின் அருகிப் போயிற்று.

பட்டுப் பூத்தையல் இதற்கு நேரெதிர். முறுக்காத பட்டிழையைப் படுக்க வைத்துத் தைப்பதால்தான் அந்த மினுக்கம். கரடுமுரடான விரல் பட்டாலே இழை சிலும்பும். பொன்னிழையைத் துணிக்குள் நுழைக்காமல், மேலே கிடத்திச் சிறு தையல்களால் பிடித்து வைப்பார்கள். பருத்தியில் தைத்ததைக் குளிர்நீரில் மெதுவாக அலசி நிழலில் உலர்த்தலாம். பட்டு வேலைப்பாட்டில் தண்ணீரே படக்கூடாது.

ஜப்பானியர் கிமோனோவைக் கைக்காகித உறையில் வைப்பார்கள். ஈரமில்லாத நாட்களில் வெளியே எடுத்து, வெயில் படாமல் காற்றாட விடுவார்கள். அதற்கு முஷிபோஷி என்று பெயர். பூச்சி போக உலர்த்துதல் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் நடந்தது முழுவதும் மாறி. சாரி இருந்தது பொலித்தீன் பைக்குள். வருடத்துக்கு ஒருதடவை உச்சி வெயிலில் கொடியில் தொங்கும். மடித்ததோ எப்போதும் ஒரே மடிப்பில்.

கிழிந்ததை என்னால் சரியாக்க முடியவில்லை. கழுவிய வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளே வைத்து, மடிக்காமல் சுருட்டி வைத்திருக்கிறேன்.

“இவ்வளவு நீளத்துக்கு அலுமாரியில இடம் எங்க மகள்?” என்றார் உம்மம்மா. மேல்தட்டிலிருந்த என் பழைய கொப்பிகளை இறக்கிவிட்டேன்.