பேப்பர் போடும் முன்: பட்டாளத்துத் தம்பிகளுக்கு

லீவில் ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரனிடம் உளுந்தூர்பேட்டையில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எப்ப வந்தே, எப்ப போறே. சர்வீஸ் பதினைந்தைத் தாண்டியவனுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: எப்ப பென்ஷன்? இந்தக் கேள்விக்குப் பல தம்பிகள் கணக்குப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. கடைசியாக வந்த போஸ்டிங் ஆர்டரின் மேலுள்ள கோபத்தில் சொல்லிவிடுகிறார்கள். சுபேதாராக வெளியே வந்தவன் என்பதால் பேப்பர் போடுவதற்கு, அதாவது சொந்த விருப்பத்தில் விலக எழுதிக் கொடுப்பதற்கு முன் சிலர் என்னிடம் வருகிறார்கள். போட்டுவிட்டு வருகிறவர்கள் அதைவிட அதிகம். இவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் உன் தேதியைத் தெரிந்துகொள்.

நீ சேர்ந்த நாளும் உன் ரேங்கும்தான் தேதியைத் தீர்மானிக்கின்றன. நாயக்குக்கு 22 ஆண்டு, ஹவில்தாருக்கு 24, நாயப் சுபேதாருக்கு 26, சுபேதாருக்கு 28, சுபேதார் மேஜருக்கு 32. தேர்வுக் குழு தகுதி என்று சொன்னால் இதன் மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். இடையில் வயது வரம்பு வந்துவிட்டால் அதுதான் முடிவு. ஜவானுக்குப் பென்ஷன் பெறக் குறைந்தது 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும், அதிகாரிக்கு 20. எந்தத் தேதியில் முடிந்தாலும் அந்த மாதத்தின் கடைசி நாள்தான் உன் கடைசி நாள்.

ஆக, "எப்போது போகலாம்" என்பதில் உன் கையில் இருப்பவை கொஞ்சம்தான்: நீட்டிப்புக்கு விருப்பம் கொடுப்பதா, பதவி உயர்வுக்கான கேடருக்குப் போவதா, கடைசி போஸ்டிங்குக்கு எந்த இடத்தைக் கேட்பது. இந்த மூன்றையும் நிதானமாக முடிவு செய். மற்றதை ரெக்கார்ட் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த மனோஜ் பாண்டே 2024 மே 31 அன்று ஓய்வு பெற வேண்டியவர். கடைசி வாரத்தில் ஒரு மாத நீட்டிப்பு வந்து ஜூன் 30 வரை இருந்தார். தளபதிக்கு அப்படி நடக்கும். உனக்கும் எனக்கும் நீட்டிப்பு விருப்பத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்பார்கள். அந்தக் காகிதம் வரும்போது லீவில் இருந்தேன், கவனிக்கவில்லை என்று பின்னால் சொல்லிப் பயனில்லை.

2. போஸ்டிங் பிடிக்கவில்லை என்று பேப்பர் போடாதே.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படி. சர்வீஸ் முடிய இரண்டு மூன்று ஆண்டு இருக்கும். பீஸ் ஸ்டேஷனில் குடும்பத்தோடு இருப்பாய். அப்போது குப்வாராவுக்கோ தவாங்குக்கோ ஆர்டர் வரும். பெண் பத்தாவது, அப்பாவுக்கு முட்டி வலி, போதும்டா சாமி என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. அன்றே எழுதிக் கொடுப்பதில்தான் தப்பு.

ஒரு ரேங்க், ஒரு பென்ஷன் ஆணை 2015 நவம்பர் 7 அன்று வந்தது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறை என்றார்கள். ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் என்றால் எந்த ஆண்டு ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன், ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் என்பது ஏற்பாடு. 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் திருத்தினார்கள். அதே ஆணையில் இன்னொரு வரி இருக்கிறது: இனிமேல் சொந்த விருப்பத்தில் வெளியே போகிறவர்களுக்கு இந்தப் பலன் இல்லை. அந்த வரியை நம் ஆட்கள் படிப்பதே கிடையாது. உன்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன் அந்த இரண்டு ஆண்டைப் பனியில் கழித்துவிட்டு வருவான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவன் பென்ஷன் நகரும், உன்னுடையது அந்த வரிசையில் வராது. உன் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் உன் கணக்கை ஒட்டித்தான் வரும். ஒரு போஸ்டிங்கின் நீளம் இரண்டு மூன்று ஆண்டு. பென்ஷன் வாங்கும் காலம் அதைப்போலப் பத்து மடங்கு.

உண்மையான கஷ்டம் இருந்தால் வழி இருக்கிறது. சி.ஓ. சாப் இன்டர்வியூ கேள். அப்பாவின் மருத்துவச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று, வீட்டில் வேறு ஆண் துணை இல்லை என்பதற்கான தாசில்தார் சான்று எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் கருணை அடிப்படையில் போஸ்டிங் கேள். வாயால் அழுதவனுக்கு ஆறுதல்தான் கிடைக்கும். காகிதம் கொண்டு போனவனின் பெயர் ஃபைலில் ஏறும். இதையெல்லாம் செய்தும் முடியவில்லை, வீட்டு நிலைமை உடைந்துகிடக்கிறது என்றால் பேப்பர் போடு. அதை நான் குறை சொல்லமாட்டேன். தெரிந்து இழப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

3. கடைசி போஸ்டிங்காக எதைக் கேட்பது?

நம் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: சென்னை. வெள்ளிமலையிலிருந்து வந்தவனும் சென்னை என்கிறான். சென்னையில் இருந்தாலும் கல்வராயன் மலை ஏறி வீடு சேர அவனுக்கு ஒரு நாள் போய்விடும். யூனிட்டுக்கு வெளியே என்.சி.சி., ஆள்சேர்ப்பு அலுவலகம், பிராந்தியப் படை, ரெஜிமெண்ட் சென்டர் என்று பல வேலைகள் உண்டு. மதராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. கடைசி இரண்டு ஆண்டு சென்டர் பக்கம் இருப்பது காகித வேலைக்கு ரொம்ப நல்லது. ரெக்கார்ட் ஆபீஸுக்கு நடந்தே போகலாம்.

ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைப் பார். பிள்ளையின் பத்தாவது, பன்னிரண்டாவது எந்த ஆண்டில் விழுகிறது? குடும்பத்துக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்குமா? உனக்குப் படிக்க நேரம் கிடைக்குமா? ஊர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தவனுக்குக் காதுகுத்து முதல் பங்காளி வரப்புத் தகராறு வரை எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். அவன் லீவு அதிலேயே கரையும். ஆனாலும் இத்தனை காலம் விருந்தாளியைப்போல வந்துபோன மனிதனோடு தினமும் இருந்து பழக மனைவிக்கும் கொஞ்ச காலம் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே கடைசி போஸ்டிங்கைக் குடும்பத்தோடு கழிக்கச் சொல்வேன்.

4. பார்ட் டூ ஆர்டரைப் பார்.

கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டராக வெளியாகி உன் ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருக்கும். எப்படி ஏறியிருக்கிறது என்பதுதான் சிக்கல். நமக்கு இனிஷியல் போதும். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும், வடக்கத்தி கிளார்க் அதில் உன் அப்பா பெயரைப் போட்டுவிடுவான். ஆதாரில் மனைவி பெயருக்குப் பின்னால் உன் பெயர் இருக்கும், பட்டாளத்தில் அவள் அப்பாவின் இனிஷியல் இருக்கும். பான் கார்டில் மூன்றாவதாக ஒன்று. பிறந்த தேதி ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று.

முன்பு கைநாட்டும் போட்டோவும் வைத்துச் சமாளித்தார்கள். இப்போது பென்ஷன் முழுக்க ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில், பிரயாக்ராஜ் அலுவலகத்தின் வழியாக நடக்கிறது. எழுத்து மாறினால் கணினி நிறுத்திவிடும். நீ உயிரோடு இருக்கும்வரை எப்படியாவது ஓட்டிவிடுவாய். நீ போன பிறகு அந்த ஒரு எழுத்துக்காக உன் மனைவி அலைவாள். சர்வீஸில் இருக்கும்போது ஹெட் கிளார்க் மேசையில் முடிகிற வேலைக்கு வெளியே வந்தபின் அஃபிடவிட், கெசட், நோட்டரி என்று மாதக் கணக்கில் ஆகும். ஓய்வுக்கு மூன்று ஆண்டு முன்பே எல்லா நகல்களையும் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினேஷன், இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும்.

5. வலியை மறைக்காதே.

நல்ல போஸ்டிங் போய்விடும், நீட்டிப்பு கிடைக்காது என்று முதுகுவலியை, காது மந்தத்தை டாக்டரிடம் சொல்லாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. வெளியே போகும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும். அங்கே பேசுவது பழைய மருத்துவக் காகிதம்தான். அடிபட்ட அன்றே இஞ்சுரி ரிப்போர்ட் போட்டிருந்தால் ஊனப் பென்ஷனுக்கு வழி இருக்கிறது. போடாதவன் பிறகு தீர்ப்பாயம் ஏறவேண்டும். நீட்டிப்புக்கு உடல் தகுதி கேட்பார்கள் என்பது நிஜம். அதற்காக இரண்டு ஆண்டுச் சம்பளத்தைப் பார்த்து ஆயுள் முழுவதற்குமான உரிமையை விடாதே.

6. ஜூன் 30, டிசம்பர் 31.

இன்கிரிமெண்ட் ஜூலை 1 அல்லது ஜனவரி 1. அதற்கு முந்தைய நாள் ஓய்வு பெறுகிறவனுக்கு ஆண்டு முழுக்க உழைத்தும் அது கிடைக்காமல் இருந்தது. அய்யம்பெருமாள் என்ற ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி வழக்குப் போட்டு, 2017-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2023 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றமும் இன்னொரு வழக்கில் இதே வழியில் தீர்ப்புச் சொன்னது. உன் தேதி இந்த இரண்டில் ஒன்று என்றால், பென்ஷன் கணக்கில் அந்த இன்கிரிமெண்ட் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

7. கடைசி நாள்வரை வேலை செய்.

"நமக்கென்ன, பென்ஷன் போறோம்" என்று திரிகிறவனை எல்லா யூனிட்டிலும் பார்க்கலாம். புதுப் பையன்கள் அவனைத்தான் கவனிக்கிறார்கள். பீல்டில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

8. அடுத்த வேலையைச் சர்வீஸில் இருக்கும்போதே தேடு.

மறுகுடியமர்த்தல் இயக்குநரகம், அதாவது டி.ஜி.ஆர்., கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. பெயரைக் கொடு. சான்றிதழ் கிடைக்கிறதோ இல்லையோ, வெளி உலகத்தில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதாவது தெரியும். மத்திய அரசு வேலைகளுக்கு ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவனும் விண்ணப்பிக்கலாம். ஊருக்கு வந்து ஆறு மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் பாதிப்பேர் செக்யூரிட்டி சட்டைக்குள் போயிருக்கிறார்கள். அது கேவலம் என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுத்துப் போனால் சரி. சொந்தத் தொழில் என்றால் தமிழக அரசின் "காக்கும் கரங்கள்" திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 விழுக்காடு மூலதன மானியமும் அறிவித்திருக்கிறார்கள். கடன், கடன்தான். தெரியாத தொழிலுக்கு வாங்காதே.

9. பணம்.

பென்ஷனில் 50 விழுக்காடு வரை கம்யூட் செய்யலாம். நாற்பதுகளில் போகிறவனுக்கு, விட்டுக்கொடுத்த தொகையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக்கானது மொத்தமாகக் கைக்கு வரும். பதினைந்து ஆண்டு பிடிப்பார்கள். வீட்டுக் கடனை அடைக்கவோ பெண் படிப்புக்கோ என்றால் எடு. நான்குவழிச் சாலை ஓரத்தில் கொடி நட்ட மனைக்கு என்றால் ஒரு வருடம் பொறு. நீ வந்து இறங்கும் வாரத்திலேயே புரோக்கரும் சீட்டுக்காரரும் மச்சானும் வருவார்கள். மூவருக்கும் ஒரே பதில் சொல்: பணம் இன்னும் வரவில்லை.

10. அக்னிவீர் தம்பிகளுக்கு.

மேலே சொன்னதில் பாதி உனக்குப் பொருந்தாது. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டத்தில் நீ நான்கு ஆண்டு. நிரந்தரமாக எடுப்பது 25 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம். பென்ஷன் இல்லை. உனக்கு முதல் போஸ்டிங்தான் கடைசி போஸ்டிங். இரண்டாம் ஆண்டிலேயே படிக்க ஆரம்பி, லைசென்ஸ் எடு. நிரந்தரமானால் அது லாபம் என்று வைத்துக்கொள்.

யாராவது பேப்பரில் கையெழுத்துப் போடும் எண்ணத்தில் இருந்தால், அதற்கு முன் ஒரு லீவு எடுத்து ஊருக்கு வாருங்கள். பார்ட் டூ ஆர்டர் நகல்கள், குடும்பத்தின் ஆதார் அட்டைகள், கடைசி சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். மனைவியையும் அழைத்து வாருங்கள். அவரையும் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.