அந்நியத் தொழிலாளரும் காவல் நிலையமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தெலுக் இந்தானைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களில், ஒரு காலத்தில் நம்மவர் வாழ்ந்த லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் குடியிருக்க, அவர்களுக்கும் போலீஸுக்கும் உள்ள சம்பந்தத்தைக் குறித்து நம் ஜனங்களிடையே உலவும் அபிப்பிராயங்களில் சில சட்டத்துக்கே முரணானவை.

நம்பிக்கை: அந்நியன் போலீஸில் புகார் கொடுக்க முடியாது.

உண்மை: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, குற்றம் பற்றிய தகவலை ஏற்பது காவலரின் கடமை என்கிறதேயன்றி, தகவல் தருபவன் இந்நாட்டுப் பிரஜையாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை.

நம்பிக்கை: குற்றமற்றவன் போலீஸுக்கு ஏன் அஞ்சவேண்டும்?

உண்மை: அவன் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் பிரகாரம், பெர்மிட் இன்றி நாட்டில் நுழைந்தவனுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமும், 5 ஆண்டு வரை சிறையும், 6 அடி வரை பிரம்படியும் விதிக்கப்படலாம்; கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்லும் அரசியலமைப்பின் 5-ஆம் விதியே, குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட அந்நியனுக்கு அந்த அவகாசத்தை 14 நாட்களாக நீட்டுகிறது. பெர்மிட்டைப் புதுப்பிக்கவேண்டிய முதலாளி அசட்டை செய்தாலும், குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்வது தொழிலாளிக்கே. ஆகவே சம்பள நாளன்று வழிப்பறிக்கு ஆளானவன் வாய்திறவாதிருக்கிறான். அந்த மௌனத்தை அறிந்த திருடன் தண்டனையின்றித் திரிந்து, நாளை நம் வீட்டுப் பெண்டிரின் கழுத்துச் சங்கிலியிலும் கை வைப்பான்.

நம்பிக்கை: கடப்பிதழை முதலாளி வைத்திருப்பது பத்திரத்துக்காகவே.

உண்மை: 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி, பிறருடைய கடப்பிதழைத் தக்க அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம்.

நம்பிக்கை: இவையெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி.

உண்மை: ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர், கொடுமை தாளாமல் தோட்டத்தை விட்டு ஓடினால், அதையே குற்றமாக்கிப் பிடித்துத் தண்டித்தது அக்காலச் சட்டம்; அந்த ஒப்பந்த முறையில் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது 1910-இல்தான் நிறுத்தப்பட்டது. அந்தச் சந்ததியில் வந்த நாம், இன்றைய அந்நியனைச் சந்தேகக் கண்ணால் மட்டுமே நோக்குவது நியாயமாகாது.

ஆகவே, மலாய் மொழி தெரிந்த அன்பர்களே, செல்லுபடியாகும் பெர்மிட் இருந்தும் மொழி தெரியாமையால் தயங்கி நிற்கும் அயலான் ஒருவன் களவு கொடுத்து உங்களிடம் வந்தால், காவல் நிலையம் வரை அவனோடு சென்று, அவன் சொல்வதை மலாயில் எடுத்துரைத்து, புகாரின் நகலை அவன் கையில் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.