ஒரு மாணவிக்காக ஓடியதா அந்த ரயில்?

இந்தக் கதையை உங்களில் பலர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னேன். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ரயில் நிலையம். அதை மூட நினைத்த ரயில்வே, தினமும் அங்கிருந்து பள்ளிக்குச் செல்லும் ஒரே ஒரு மாணவியைக் கண்டு மனம் மாறியது. அவள் போக ஒரு வண்டி, திரும்பி வர ஒரு வண்டி. அவள் படிப்பை முடித்த பிறகே நிலையத்தை மூடினார்கள். கல்வியின் அருமையைச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போனதும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அந்த அக்கா மட்டும்தான் அந்தப் பக்கம் படிச்சாங்களா? மத்த பிள்ளைங்கல்லாம் எங்க போனாங்க?"

பதில் தெரியவில்லை. அன்று மாலை தேடத் தொடங்கினேன். தேடியதில் ஒரு பாடமே கிடைத்தது. சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்தில் வந்த பதிவின் வழியாகத்தான் இந்தக் கதை உலகெங்கும் பரவியது. அதில் சொல்லப்பட்ட நிலையம் கமி-ஷிராதாக்கி. ஆனால் அந்த மாணவி ஏறியது க்யூ-ஷிராதாக்கி என்ற வேறொரு நிலையத்தில். கமி என்றால் மேல், க்யூ என்றால் பழைய, ஷிமோ என்றால் கீழ். நம் ஊர்களில் மேல, கீழ, பழைய என்று ஒரே பெயர் மூன்று ஊர்களுக்கு இருப்பதுபோல அங்கேயும் ஷிராதாக்கியைச் சுற்றி மூன்று நிலையங்கள் இருந்தன. மேல் ஷிராதாக்கியில் நாளுக்கு ஒரு வண்டி போகும், ஒரு வண்டி வரும். அந்த அட்டவணையையும் பழைய ஷிராதாக்கியின் மாணவியையும் யாரோ ஒட்டிவிட்டார்கள். மாணவியின் நிலையத்தில் நாளுக்கு நான்கு வண்டிகள் நின்றன: பள்ளி இருந்த எங்காரு நகரத்தை நோக்கிக் காலையில் ஒன்று, எதிர்த்திசையில் மூன்று. அவர் ஏறிய வண்டியில் வேறு மாணவர்களும் இருந்தார்கள். என் மாணவியின் கேள்விக்குப் பதில் அதுதான்.

மூடும் முடிவுக்குக் காரணம் பயணிகள் குறைந்தது. ஜப்பானில் கல்வியாண்டு முடிவது மார்ச்சில். ரயில்வேயின் புதிய கால அட்டவணை வருவதும் மார்ச்சில். 2016 மார்ச் 26 அன்று புதிய அட்டவணை அமலுக்கு வந்தபோது அந்தப் பாதையில் நான்கு நிலையங்கள் மறைந்தன. மாணவியின் படிப்பும் அதே மாதத்தில் முடிந்தது.

கதை உடைந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த ரயில் பாதையின் உண்மை வரலாற்றைப் படித்த பிறகு வருத்தம் வேறு பக்கம் திரும்பியது.

அதன் பெயர் செகிஹோகு முதன்மைப் பாதை. ஹொக்கைடோவின் நடுவிலுள்ள அசாஹிகாவா நகரின் ஓரத்திலிருந்து வடகிழக்குக் கடற்கரையிலுள்ள அபாஷிரி வரை 234 கிலோமீட்டர். அது செல்லும் மலைப் பகுதிக்கு ரயிலுக்கு முன்பே சாலை வந்தது. 1891இல் அபாஷிரியிலிருந்து கிதாமி கணவாய் வரை அந்தச் சாலையைப் போட்டவர்கள் அபாஷிரி சிறையின் கைதிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள்; இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஷிராதாக்கி அந்தச் சாலையில் இருக்கும் ஊர்.

ரயில் பாதை துண்டு துண்டாக வளர்ந்தது. அதில் ஒரு துண்டு 1914இல் திறந்த ருபேஷிபே – இகுதஹாரா பகுதி. அங்கே 507 மீட்டர் நீளத்தில் ஜோமோன் என்ற சுரங்கம் இருக்கிறது. அதைத் தோண்டியவர்களை 'ஆக்டோபஸ் அறை'த் தொழிலாளர்கள் என்பார்கள். பானைப் பொறிக்குள் நுழைந்த ஆக்டோபஸ் வெளியே வர முடியாது. முன்பணமும் ஏமாற்று வார்த்தையும் காட்டி அழைத்துவரப்பட்ட இவர்களும் பூட்டிய கொட்டகையை விட்டு வெளியேற முடியாது. கொத்தடிமை முறை என்று நம் பாடப்புத்தகத்தில் நடத்துகிறோமே, அதே முறைதான். நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கே இறந்ததாகச் சொல்லப்படுகிறது. சுரங்கச் சுவருக்குள் மனிதர்களைப் புதைத்துவிட்டார்கள் என்று அப்பகுதி மக்கள் தலைமுறைகளாகப் பேசிவந்தார்கள். வெறும் பேய்க்கதை என்றே பலரும் எண்ணினார்கள். 1968 நிலநடுக்கத்தில் சுவர் சேதமானது. 1970இல் பழுது பார்த்தபோது செங்கல் சுவருக்குப் பின்னால் மனித எலும்புக்கூடு கிடைத்தது. 1980இல் அருகிலுள்ள கனேஹனாவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

2016 மார்ச் 26 அன்று மூடிய நான்கு நிலையங்களில் கனேஹனாவும் ஒன்று. அதைப் பற்றி எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்திகூட வரவில்லை.

மேற்கிலிருந்து வந்த பாதையும் கிழக்கிலிருந்து வந்த பாதையும் 1932இல் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான செகிஹோகு சுரங்கத்தால் இணைந்தன. அதுவரை மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அன்றைய வரலாற்றின் தழும்பு ஒன்றை இன்றும் எங்காரு நிலையத்தில் பார்க்கலாம். அங்கு வரும் வண்டி வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படும். வடக்கே நாயோரோவுக்குச் சென்ற பழைய பாதையோடு புதிய பாதையைப் பக்கவாட்டில் சேர்த்ததால் வந்த அமைப்பு இது. நாயோரோ பாதை 1989இல் மூடப்பட்டுத் தண்டவாளமும் போய்விட்டது. திரும்பும் வழக்கம் மட்டும் நிற்கிறது. விரைவு வண்டிப் பயணிகள் எழுந்து தங்கள் இருக்கையைத் தாங்களே சுழற்றி வைத்துக்கொள்கிறார்கள். கிதாமி பகுதியின் வெங்காயத்தை ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிக்கு இதனாலேயே இரு முனையிலும் எஞ்சின் மாட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கிறது. பென்சில் டப்பாக்களை வரிசையாக நகர்த்தியே புரியவைத்துவிடலாம்.

2016 நவம்பரில் ஹொக்கைடோ ரயில்வே நிறுவனம், தன்னால் மட்டும் பராமரிக்க முடியாத பாதைகள் என்று சுமார் 1,237 கிலோமீட்டரை அறிவித்தது. அதன் மொத்தப் பாதையில் ஏறக்குறைய பாதி அது. செகிஹோகு பாதை முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு குழந்தைக்காகக் காத்திருந்ததாக நாம் புகழ்ந்த நிறுவனத்தின் நிலைமை இதுதான்.

வகுப்பில் நான் செய்தது எளிமையானது. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பரவிய கதையின் வரிகளையும் மறுபக்கம் கிடைத்த தகவல்களையும் எழுதினோம். எந்த நிலையம், எத்தனை வண்டி, யார் மூடியது, ஏன் என்று நான்கே கேள்விகள். கதையில் 'ஏன்' என்ற கேள்விக்கு எதிரே மட்டும்தான் கண்ணில் நீர் வரவைக்கும் பதில் இருந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு கணக்கு. நிலையம் மூடிய பிறகு கமிகாவாவுக்கும் ஷிராதாக்கிக்கும் இடையே 37.3 கிலோமீட்டருக்கு நிறுத்தமே இல்லை. நம் பள்ளியிலிருந்து 37 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் எத்தனை பேருந்து நிறுத்தங்கள் அதற்குள் வரும் என்று எண்ணச் சொன்னேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்குக் கீழே சுரங்கத்தின் கதையைத் தவிர்த்துவிட்டு வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். போன வாரம் நான் சொன்ன கதையில் தவறு இருந்தது என்று தொடங்கினேன். சிறிய வகுப்புகளில் சலசலப்பு. கேள்வி கேட்ட மாணவியைக் கூப்பிட்டு அவள் கேள்வியை ஒலிபெருக்கியில் இன்னொரு முறை கேட்கச் சொன்னேன். கேட்டாள். பிறகு ஒலிபெருக்கியை என்னிடம் தராமல், "இன்னொண்ணு கேக்கலாமா டீச்சர்? அந்தச் சுரங்கத்துல செத்துப்போனவங்க பேரு யாருக்காவது தெரியுமா?" என்றாள்.